எத்தனை வாட் என்பது கடைசிக் கேள்வி: முகப் படத்துக்கு ஸ்டுடியோ விளக்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

புதிதாகக் கேமரா வாங்கியவர் அடுத்து விளக்கு வாங்கக் கிளம்பும்போது கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வாட் வாங்கணும்?" இரண்டாவது, "ரெண்டு லைட் போதுமா, மூணு வேணுமா?" கடைக்காரரும் சளைக்காமல் பதில் சொல்லி, இரண்டு விளக்கும், அவற்றின் வெளிச்சத்தைப் பரப்ப இரண்டு குடையும், இரண்டு ஸ்டாண்டும் அடங்கிய பையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார். வீட்டுக்கு வந்து ஆளுக்கு இரண்டு பக்கமும் அவற்றை நிறுத்திப் படம் எடுத்தால் முகம் பளிச்சென்று இருக்கும். ஆனால் அந்தப் படத்தை யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இந்த இரட்டைக் குடைப் பழக்கம் சும்மா வந்ததல்ல. கீழக்கரை, தொண்டி, ராமநாதபுரம் என்று நம் பக்கத்து ஸ்டுடியோக்களுக்குப் பாஸ்போர்ட், விசா படங்கள் எப்போதும் உறுதியான வருமானம். அந்தப் படங்களில் முகத்திலும் நிழல் விழக்கூடாது, பின்சுவரிலும் விழக்கூடாது. அதற்கு இரண்டு பக்கமும் சமமாக வெளிச்சம் கொடுப்பதுதான் முறை. அதே அமைப்பில் கல்யாணப் பெண்ணையும் அறுபதாம் கல்யாணத் தாத்தாவையும் உட்காரவைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. நிழலே இல்லாவிட்டால் மூக்கு எவ்வளவு எடுப்பு, கன்னம் எங்கே குழிகிறது, தாடை எங்கே திரும்புகிறது என்று எதுவும் படத்தில் தெரியாது.

ஆகவே முதலில் முடிவு செய்யவேண்டியது எந்த மாதிரி நிழல் வேண்டும் என்பதை. அதைத் தீர்மானிப்பவை மூன்று: விளக்கின் அளவு, அது இருக்கும் தூரம், அது வரும் திசை. வாட் அப்புறம்தான்.

சித்திரை வெயிலும் ஐப்பசி மேகமும்

நம் ராமேஸ்வரம் கரை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய ஒன்பதேகால் பாகையில் இருக்கிறது. அதனால் வருடத்தில் இரண்டு முறை, சித்திரை பிறக்கும் சமயத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும், சூரியன் நேர் உச்சிக்கு வரும். அந்த நாட்களில் பகல் பன்னிரண்டேகால் வாக்கில் தனுஷ்கோடி மணலில் ஒரு கம்பை நட்டால் நிழல் கம்பின் காலடியிலேயே ஒடுங்கிவிடும். அந்த நேரத்தில் ஒருவரை நிற்கவைத்துப் பாருங்கள். புருவத்துக்குக் கீழே கண்கள் இரண்டும் கறுப்புக் குழி, மூக்குக்குக் கீழே ஒரு கறுப்புப் பட்டை. நிழலின் ஓரம் பிளேடால் வெட்டியது போல் இருக்கும். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்துக்குள் நின்றால் நல்ல வெளிச்சம் கிடைக்கும் என்று வெளிப்புறப் படப்பிடிப்புக்கு வருகிறவர்கள் நினைப்பதுண்டு. கூரையே இல்லாத கட்டடம் அது. உச்சி வெயில் அங்கேயும் உச்சி வெயில்தான்.

ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கிடக்கும் ஒரு பகலில் அதே இடத்துக்கு, அதே ஆளோடு போங்கள். கண்குழி காணாமல் போயிருக்கும். நிழல் இருக்கும், ஆனால் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது.

இரண்டு நாளும் வெளிச்சம் அதே சூரியனிலிருந்துதான் வருகிறது. பிறகு எது மாறியது? மேகம் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டது, அதனால் மென்மையாகிவிட்டது என்பதுதான் பலரும் சொல்லும் பதில். அது தவறு. குறைந்த வெளிச்சமும் கறாரான நிழல் போடும். பௌர்ணமி இரவில் மணலில் விழும் உங்கள் நிழலைப் பார்த்தாலே தெரியும். மாறியது, வெளிச்சம் வரும் பரப்பின் அளவு.

சூரியனின் விட்டம் ஏறக்குறைய 14 லட்சம் கிலோமீட்டர். ஆனால் அது 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், நம் கண்ணுக்கு அரைப் பாகை அகலமே தெரிகிறது. நிலாவும் நமக்கு அதே அகலத்தில்தான் தெரியும். கையை நீட்டி, சுண்டு விரலால் நிலாவை மறைத்துப் பாருங்கள், முழுசாக மறைந்துவிடும். (சூரியனிடம் இந்தச் சோதனை வேண்டாம்.) இவ்வளவு சிறிய இடத்திலிருந்து வரும் வெளிச்சத்தை மூக்கு மறைத்தால் மொத்தமாக மறைத்துவிடும். ஓரம் கூர்மையான நிழல் அப்படித்தான் பிறக்கிறது. இதைக் கடின ஒளி என்போம். மேகம் மூடிய நாளில் வானம் முழுவதும் விளக்காகிவிடுகிறது. ஒரு பக்கத்து வெளிச்சத்தை மூக்கு மறைத்தாலும் மற்ற பக்கங்களிலிருந்து வரும் வெளிச்சம் அந்த இடத்தை எட்டிவிடும். ஓரம் கரைந்த நிழல் அப்படி வருகிறது. இது மென் ஒளி.

முகம் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதுதான் கணக்கு. அது உண்மையில் எவ்வளவு பெரியது என்பது கணக்கே இல்லை. 14 லட்சம் கிலோமீட்டர் சூரியனே நமக்குக் கடின ஒளிதான் தருகிறது.

ஒரு சங்கு, ஒரு டார்ச், ஒரு வெள்ளை வேட்டி

இதைப் படித்து ஒப்புக்கொள்வதைவிடச் செய்து பார்ப்பது நல்லது. ராமேஸ்வரத்துக் கடைகளில் விற்கும் வெண்சங்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முகத்தில் இருக்கும் எல்லாமே அதில் உண்டு: எடுப்பான மேடு, திடீர்ச் சரிவு, ஆழமான குழி. வெள்ளையாக இருப்பதால் நிழல் துல்லியமாகத் தெரியும். முக்கியமாக, மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, சங்கை மேசையில் வைத்து, ஒரு பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சை அடியுங்கள். சங்கின் முறுக்குகள் ஒவ்வொன்றும் கறுப்புக் கோடாகத் தெரியும். மேசையில் விழும் நிழலின் ஓரம் கூராக இருக்கும்.

இப்போது வேட்டியின் ஓரத்தை டார்ச்சின் வாய் மீதே ஒட்டினாற்போல் போர்த்துங்கள். நிழல் மென்மையாகிவிடும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஆகாது. வெளிச்சம் மங்கும், நிழலின் ஓரம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். வேட்டியில் ஒளிரும் இடம் இன்னும் ஒரு ரூபாய்க் காசு அளவுதானே.

அடுத்து, சங்குக்கு ஒரு சாண் தள்ளி வேட்டியைத் திரை போலப் பிடிக்கச் சொல்லிவிட்டு, டார்ச்சை இரண்டு மூன்று அடி பின்னால் கொண்டுபோங்கள். வேட்டியில் பெரிய வட்டமாக வெளிச்சம் படரும். சங்கைப் பாருங்கள்: கறுப்புக் கோடுகள் இறங்கிச் சாம்பலாகியிருக்கும், ஒரு முறுக்கிலிருந்து அடுத்த முறுக்குக்கு வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போகும். துணி அதே துணி, டார்ச் அதே டார்ச். ஒளிரும் பரப்பு மட்டும் பெரிதாகியிருக்கிறது.

சாஃப்ட்பாக்ஸ் என்று கடையில் விற்கும் பொருளுக்குள் நடப்பது முழுவதும் இதுதான். முன்பக்கம் வெள்ளைத் துணி போட்டு, விளக்கின் வெளிச்சத்தை அந்தத் துணி முழுக்கப் பரப்பும் பெட்டி அது. கேமரா தலையில் மாட்டும் ஃபிளாஷின் மீது போட விற்கும் உள்ளங்கை அகல வெள்ளை மூடி, முக்கால்வாசி நேரம் வேட்டியை டார்ச்சில் ஒட்டிய கதைதான். காசு மிச்சம், வாங்காதீர்கள்.

இதுவரை பார்த்தது: நிழலின் ஓரம் கூர்மையா, கரைந்ததா என்பதை முகத்திலிருந்து பார்க்கத் தெரியும் விளக்கின் அகலம் முடிவு செய்கிறது. வாட் கூடினால் வெளிச்சம் கூடும், நிழலின் குணம் மாறாது.

தூரம் இரண்டு வேலை செய்யும்

120 சென்டிமீட்டர் அகலமுள்ள சாஃப்ட்பாக்ஸை முகத்திலிருந்து 1.2 மீட்டரில் வைத்தால், அது ஐம்பது பாகைக்கு மேல் அகலமாகத் தெரியும். சூரியனைப் போல நூறு மடங்கு. அதையே 4 மீட்டருக்குத் தள்ளினால் பதினேழு பாகைக்குச் சுருங்கிவிடும். பெரிய சாஃப்ட்பாக்ஸ் வாங்கியும் படம் கடுமையாக வருகிறது என்று சொல்கிறவர்களின் அறைக்குப் போய்ப் பார்த்தால், விளக்கு பெரும்பாலும் சுவரோரமாக ஒதுங்கி நிற்கும். தொடக்கத்துக்கு ஒரு எளிய அளவு: சாஃப்ட்பாக்ஸ் எவ்வளவு அகலமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரத்தில் வையுங்கள். படச் சட்டத்துக்குள் விளக்கின் ஓரம் வந்துவிடுமோ என்று பயம் வருமளவுக்குக் கிட்ட இருந்தால் சரியான இடம்.

இரண்டாவது வேலை, வெளிச்சம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதியாகாது, நான்கில் ஒன்றாகும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. இதைத் தலைகீழ் இருபடி விதி என்பார்கள். பெயர் பள்ளிக்கூடத்து வாசனை அடித்தாலும் படத்தில் இதன் பலன் உடனே தெரியும்.

உங்கள் அறையின் பின்சுவர் வெள்ளை என்று வையுங்கள். ஆள் சுவரிலிருந்து 2 மீட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். விளக்கை முகத்திலிருந்து 1 மீட்டரில் வைத்தால், சுவர் விளக்கிலிருந்து ஏறக்குறைய 3 மீட்டர். முகத்துக்குக் கிடைப்பதில் ஒன்பதில் ஒரு பங்குதான் சுவருக்குப் போகும். வெள்ளைச் சுவர் படத்தில் அடர்ந்த சாம்பலாகிவிடும். அதே விளக்கை 3 மீட்டருக்குத் தள்ளினால் சுவர் 5 மீட்டர், முகத்து வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கே விழும். சுவர் எழுந்து வந்து முகத்தோடு போட்டி போடும். கறுப்புத் திரை வாங்காமலேயே பின்னணியை இருட்டாக்க வழி இது: விளக்கை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து, ஆளைச் சுவரிலிருந்து தள்ளி உட்காரவையுங்கள்.

திசை: மூக்கு நிழலைப் பின்தொடருங்கள்

படத்தின் பெரும்பகுதி வெளிச்சத்தைத் தரும் விளக்குக்கு முதன்மை விளக்கு என்று பெயர், ஸ்டுடியோக்காரர்கள் கீ லைட் என்பார்கள். அது எங்கே நிற்கிறது என்பதை மூக்கின் நிழலே சொல்லிவிடும்.

கேமராவுக்கு நேர் மேலே, முகத்தைவிட உயரத்தில் வைத்தால் மூக்குக்குக் கீழே சின்னதாக ஒரு வண்ணத்துப்பூச்சி நிழல் விழும். கன்ன எலும்பை எடுத்துக்காட்டும். 1930களின் ஹாலிவுட் நாயகிகளின் படங்களில் இதை நிறையப் பார்க்கலாம். விளக்கை ஒரு பக்கமாக நாற்பத்தைந்து பாகை நகர்த்தி, உயரத்தையும் அதே அளவு ஏற்றினால், மூக்கு நிழல் நீண்டு கன்ன நிழலோடு சேரும். இருட்டுப் பக்கக் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே முக்கோணமாக ஒரு துண்டு வெளிச்சம் மட்டும் மிஞ்சும். 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் தீட்டிய முகங்களில் இந்த முக்கோணம் இருப்பதால் அவர் பெயரையே இதற்கு வைத்துவிட்டார்கள். இன்னும் நகர்த்திக் காதுக்கு நேராக வைத்தால் பாதி முகம் ஒளி, பாதி முகம் இருள்.

இவற்றில் எது அழகு என்று கேட்டால் பதில் இல்லை. எந்த முகத்துக்கு எது என்று கேட்டால் பதில் உண்டு. பாம்பனில் நாற்பது வருடம் கடலுக்குப் போன ஒருவரின் முகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலும் உப்பும் கண்ணோரத்தில் போட்டிருக்கும் சுருக்கங்கள்தான் அந்த முகம். பெரிய சாஃப்ட்பாக்ஸை நேர் எதிரில் வைத்தால் அவை அழிந்துவிடும். நடுத்தர அளவு விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் ஒவ்வொரு கோடும் தனித்தனியாக நிழல் போட்டுக்கொண்டு நிற்கும். சின்னப்பாலத்துக் கடலில் பாசி எடுக்கும் ஓர் அம்மாவை எடுப்பதாக இருந்தால் நான் ரெம்பிராண்ட் முக்கோணத்தில் தொடங்குவேன், விளக்கை மட்டும் பெரிதாக்கிக்கொள்வேன். முகத்தின் உறுதி தெரியவேண்டும், முகப்பரு வடு தெரிய வேண்டியதில்லை. கல்யாணப் பெண் என்றால் இன்னும் பெரிய விளக்கு, இன்னும் நேர் திசை. நகை மின்ன வேண்டும் என்று அம்மா கேட்டால் பின்பக்கத்திலிருந்து ஒரு சின்ன விளக்கு கூடுதலாக.

நிழல் ரொம்ப இருட்டாகிவிட்டால் உடனே இரண்டாவது விளக்கைத் தேடவேண்டாம். வெளிச்சம் படாத பக்கத்தில், கன்னத்துக்கு இரண்டடி தள்ளி ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையை நிறுத்துங்கள். முதன்மை விளக்கின் வெளிச்சமே அதில் பட்டுத் திரும்பி நிழலைக் கொஞ்சம் தூக்கிவிடும். இப்படி நிழலுக்குள் போடும் வெளிச்சம் நிரப்பு ஒளி. பலகையை நகர்த்தினால் கூடும், குறையும். பலகைக்குப் பதில் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் நேர்மாறாக நிழல் இன்னும் ஆழமாகும். சுவர் கிட்டே இருக்கும் சின்ன அறைகளில் இந்தக் கறுப்புத் துணி தெர்மாகோலைவிட அதிகம் உதவும்.

கடைசியாகக் கண். கருவிழியில் விளக்கின் பிம்பம் சின்ன வெள்ளைப் புள்ளியாக விழவேண்டும். இதற்குக் கேட்ச்லைட் என்று பெயர். அது இல்லாத கண் தூங்குவது போலத் தெரியும். விளக்கை அளவுக்கு மீறி உயர்த்தினால் இமை அதை மறைத்துவிடும். இதில் ஒரு லாபமும் உண்டு: உங்களுக்குப் பிடித்த படம் எதுவானாலும் பெரிதாக்கிக் கண்ணைப் பாருங்கள். புள்ளி சதுரமா, வட்டமா, எந்தப் பக்கம், எத்தனை என்று பார்த்தால் எடுத்தவர் என்ன விளக்கை எங்கே வைத்தார் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சுருக்கமாக: அளவு நிழலின் ஓரத்தை முடிவு செய்யும், தூரம் அந்த அளவையும் பின்னணியையும் மாற்றும், திசை நிழல் எங்கே விழும் என்பதைச் சொல்லும்.

கறுத்த முகத்துக்கு வெளிச்சம் ஏற்றவேண்டுமா?

வேண்டாம். நம் ஊர் ஸ்டுடியோக்களில் அதிகம் நடக்கும் தவறு இதுதான் என்பது என் கருத்து. முகம் கறுப்பாக இருந்தால் வெளிச்சத்தைக் கூட்டுவது, பவுடரைப் பூசுவது, அப்புறம் கம்ப்யூட்டரில் வெளுப்பது. கடைசியில் படத்தில் இருப்பவர் வேறு யாரோ.

வெளுத்த தோலில் வடிவம் நிழலால் தெரியும். கறுத்த தோலில் அதோடு சேர்த்துப் பளபளப்பாலும் தெரியும்: நெற்றி, கன்ன எலும்பு, மூக்குத் தண்டு ஆகிய இடங்களில் விளக்கு நேரடியாகப் பிரதிபலிக்கும். சின்ன விளக்காக இருந்தால் அந்தப் பிரதிபலிப்பு எண்ணெய்ச் சொட்டு மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளியாக நிற்கும். பெரிய விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் அதுவே கன்னம் முழுக்க நீண்டு படரும். வேண்டியது அதிக வெளிச்சம் அல்ல, அகலமான வெளிச்சம். வியர்வையை ஒற்றி எடுத்தால் போதும். பளபளப்பு முழுவதையும் பவுடரால் கொன்றுவிடாதீர்கள்.

வெளிச்சத்தைக் கேமரா தானாக அளப்பதையும் இங்கே நம்பமுடியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும் கருவி அது. படச் சட்டம் முழுக்கக் கறுத்த முகம் என்றால் தேவையில்லாமல் வெளுக்கும்; அதே ஆள் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக நின்றால் முகத்தை இருட்டாக்கிவிடும். மேனுவலில் வைத்து, முகத்தைப் பார்த்து நீங்களே முடிவெடுங்கள்.

ஃபிளாஷா, எல்.இ.டி.யா?

இப்போது வாட்டுக்கு வரலாம். ஃபிளாஷ் ஒரு நொடியில் மிகச் சிறு பங்கு நேரம் மட்டும் பலமாக வெட்டும். அதன் சக்தியை வாட்-நொடியில் சொல்வார்கள். எல்.இ.டி. தொடர்ந்து எரியும், அதன் சக்தி வாட்டில். பெயர் ஒன்று போல இருந்தாலும் இரண்டையும் எண்ணை வைத்து ஒப்பிட முடியாது. 60 வாட் எல்.இ.டி.யை சாஃப்ட்பாக்ஸுக்குள் போட்டால் ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமராவின் ஒளி உணர்வை ஏற்றி, லென்ஸின் துவாரத்தை நன்றாகத் திறந்துதான் எடுக்கவேண்டியிருக்கும். 200 வாட்-நொடி ஃபிளாஷ் ஒன்று சின்ன அறையில் முகப் படத்துக்குத் தாராளம்; ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/160 நொடி, துவாரம் எஃப் 8 என்று தொடங்கி ஃபிளாஷின் சக்தியைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். அந்த அளவில் அறையின் டியூப் லைட் படத்தில் பதியவே பதியாது.

எல்.இ.டி.யின் நன்மை, நிழலைக் கண்ணால் பார்த்துக்கொண்டே விளக்கை நகர்த்தலாம். கற்றுக்கொள்கிறவருக்கு இது பெரிய வசதி. வீடியோவும் எடுக்கிறவர் என்றால் யோசிக்கவே வேண்டாம். வாங்கும்போது சி.ஆர்.ஐ. என்ற எண்ணைப் பாருங்கள். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதை நூற்றுக்குச் சொல்லும் மதிப்பெண் அது. 95-க்கு மேல் இருக்கட்டும். குறைந்தால் தோல் உயிரில்லாமல் போகும், அதைப் பிறகு சரிசெய்வது தலைவலி. வெளிச்சத்தின் நிறத்தை கெல்வினில் சொல்வார்கள்: நண்பகல் வெயிலும் ஃபிளாஷும் ஏறக்குறைய 5500, பழைய குண்டு பல்பு 3000-க்கு அருகில், மஞ்சளாக. இரண்டையும் ஒரே முகத்தில் கலக்காமல் இருந்தால் போதும், மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும்.

வாங்குவதும் வைத்துக்கொள்வதும்

ஒரே ஒரு விளக்கு, 90 முதல் 120 சென்டிமீட்டருக்குள் ஒரு சாஃப்ட்பாக்ஸ், பலமான ஸ்டாண்ட், ஒரு தெர்மாகோல் பலகை. இதோடு தொடங்குங்கள். குடை மலிவுதான், மென்மையும் தரும். ஆனால் வெளிச்சத்தை அறை முழுக்கச் சிதறடிக்கும். நம் வீடுகளில் பச்சை, நீலம், ரோஸ் என்று சுவருக்கு அடிக்காத நிறம் இல்லை. பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கன்னத்தில் பச்சையாகத்தான் விழும். வெளிச்சத்தை ஒரே பக்கம் அனுப்பும் சாஃப்ட்பாக்ஸ் இந்த வீடுகளுக்குத் தோது. கூரை தாழ்வான அறையா? விளக்கை உயர்த்த இடம் இல்லை என்றால் ஆளை முக்காலியில் உட்காரவைத்து இறக்கிவிடுங்கள், கணக்கு ஒன்றுதான்.

இரண்டாவது விளக்கு வாங்கும் நாள் வந்தால், அதை எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பாஸ்போர்ட் படத்துக்குத் திரும்பிவிடாமல், ஆளுக்குப் பின்னால் வையுங்கள். கறுப்பு முடி இருட்டுப் பின்னணியில் கலந்துபோகாமல் பிரித்துக்காட்டும்.

வெளியில் எடுக்கும்போது கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் சாஃப்ட்பாக்ஸ் மாட்டிய ஸ்டாண்டை ஆள் பிடிக்காமல் விடாதீர்கள். சிமெண்ட் சாக்கில் கரை மணலையே அள்ளிக் கட்டி, விளக்கு சாய்ந்திருக்கும் பக்கத்துக் காலில் வைத்தால் எடைக்கு எடை ஆயிற்று. ஏ.சி. அறையிலிருந்து கேமராவை நேரே கடற்கரைக்கு எடுத்துப் போனால் லென்ஸில் ஈரம் பூத்துவிடும். பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழகவிட்டுப் பிறகு திறங்கள். திரும்பி வந்ததும் ஃபிளாஷின் உலோக முனைகளை உலர்ந்த துணியால் துடைத்து, பேட்டரியைக் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி போட்ட டப்பாவில் வைத்துவிடுங்கள். உப்புக் காற்று பச்சை பிடிக்கவைத்த முனைகளை உரசி எடுத்தாலும் ஃபிளாஷ் ஒருமுறை வெட்டும், ஒருமுறை வெட்டாது.